கிழித்துவிட வேண்டிய கடிதம்

அந்தக் கடிதத்தை அவன் என் கண் முன்னால்தான் கிழித்தான். இரண்டாக, நாலாக, எட்டாக. எட்டுக்கு மேல் தாள் தடித்துப்போய் விரல் வலிக்கவே, பாதியை என் கையில் கொடுத்து, "நீயும் கிழில மக்கா" என்றான். நானும் கிழித்தேன். துண்டுகளை டீ குடித்த காகிதக் கோப்பைக்குள் திணித்து, மிச்சமிருந்த டீயையும் அதன்மேல் ஊற்றி, குப்பைத் தொட்டியில் போட்டான். அப்படிக் கிழித்தவன்தான் எனக்குத் துரோகம் செய்தான் என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கிழித்துவிட்டானே, பிறகு என்ன என்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நானும் அவனும் சாமியாருக்குப் படித்தவர்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் அடுத்தடுத்த ஊர், குருமடத்தில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஐந்து வருடம் ஒன்றாக ஜெபம், ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாக லத்தீன். வகுப்பில் மற்றவர்கள் லத்தீன் என்றாலே காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் என்னவோ ஒட்டிக்கொண்டது. முதலில் வெளியேறியது அவன்தான், வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கைகள் இருந்தார்கள். அடுத்த வருடம் நான். "உனக்குக் கோபம் மூக்குமேல இருக்கு. நாளைக்கு ஒரு பங்குல போய் உக்காந்தா அந்த சனங்க என்ன பாடு படும்?" என்று குருமடத்து அதிபர் தந்தை கேட்டார். அவரிடமும் கோபப்பட்டுத்தான் பெட்டியைக் கட்டினேன்.

சாமியாருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவனை ஊரில் ஒருவனும் மதிக்க மாட்டான். கல்யாணமாகி மகளும் பிறந்த பிறகு நான் ஓமானுக்குப் போய், சோஹார் துறைமுகத்துப் பக்கம் ஒரு சைட்டில் டாக்குமெண்ட் கண்ட்ரோலராகச் சேர்ந்தேன். வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலை, கேம்பில் ஆறு பேருக்கு ஒரு ரூம். அவன் துபாய் தேராவில், நம் கடற்கரைக்காரரான ஒரு பாயின் மசாலாக் கடையில் நின்றான். அந்தக் கடைக்குக் குங்குமப்பூ வாங்க வருகிற அரபிப் பெரியவர் ஒருவர் உலகத்தில் எங்கே பழைய கையெழுத்துப் புத்தகம் ஏலத்துக்கு வந்தாலும் வாங்கிச் சேர்க்கிறவர். ஒருநாள் அவர் கையிலிருந்த ஏலப் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, இவன் அதில் அச்சாகியிருந்த லத்தீன் வரியை வாய்விட்டுப் படித்திருக்கிறான். அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் மசாலாக் கடையிலிருந்து அவருடைய சொந்த நூலகத்துக்குப் போய்விட்டான். நாலு வருடம் கழித்து எனக்குப் போன் வந்தது.

"ஏல, நம்ம படிச்ச லத்தீனுக்கு இங்கன ஒரு மனுசன் சம்பளம் குடுக்காரு. வாரியா?"

விளையாடுகிறான் என்று நினைத்து நாலு வசவு வைதேன். விளையாட்டில்லை. விசா எடுத்துக் கொடுத்தான், ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனான், வீடு பிடித்துக் கொடுத்தான். அவனால்தான் கேம்பில் கிடந்த நான் மனைவியையும் மகளையும் தேராவுக்குக் கூட்டி வந்து ஒரே கூரைக்குக் கீழ் இருந்தேன். மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போனாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அவன் செய்த நல்லதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவன் செய்தது துரோகம் என்பது புரியும். முன்பின் தெரியாதவன் ஏமாற்றினால் அதற்குப் பெயர் வேறு.

நூலகத்தில் எங்கள் வேலை படிப்பது அல்ல, படம் எடுப்பது. ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறை. நடுவில் கறுப்பு மேசை, அதற்கு நேர் மேலே தலைகீழாகத் தொங்கும் கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு. புத்தகத்தைப் பஞ்சுத் தலையணையில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் வலது ஓரத்தில் ஒரு வண்ண அட்டையும் ஒரு சின்ன அளவுகோலும் வைத்தாக வேண்டும். நிறமும் அளவும் பிசகக் கூடாது. அவன் இன்சார்ஜ், நான் ஆபரேட்டர். அவன் வைத்த முதல் விதி ஒன்று உண்டு. எது உள்ளே வந்தாலும் முதலில் படம், மற்றதெல்லாம் பிறகு. ஒரு தடவை புத்தகத்துக்குள்ளிருந்து செத்த பூச்சி ஒன்று விழுந்தது. அதையும் வண்ண அட்டை, அளவுகோல் சகிதம் படம் எடுத்த பிறகுதான் துடைக்க விட்டான். "இதுக்கு ஒரு பாஸ்போர்ட்டும் எடுத்துக் குடுத்திரு" என்று கேலி செய்தேன்.

நான் சொல்ல வந்த புத்தகம் என் மூன்றாவது வருடத்தில் வந்தது. கையளவு, தோல் ஏடு, பழுப்பு மை. பார்த்தால் ஜெபப் புத்தகம் மாதிரி இருந்தது. படித்தால் அலுவலகப் புத்தகம். பழைய காலத்தில் ரோமில் பாப்பரசருக்குக் கீழே பாவ மன்னிப்புக்கென்றே ஓர் ஆபீஸ் இருந்தது. பங்குச் சாமியாரால் மன்னிக்க முடியாத பாவங்கள் சில உண்டு. அவற்றுக்கு அங்கே மனுப் போட வேண்டும். அந்த ஆபீஸ் எழுத்தர்கள் பார்த்து எழுதுவதற்காகச் சேர்த்து வைத்த மாதிரிக் கடிதங்கள்தான் அந்தப் புத்தகம். குருவை அடித்தவனுக்கு இப்படி எழுது, மடத்தை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவனுக்கு அப்படி எழுது. பெயர் வர வேண்டிய இடத்திலெல்லாம் இன்னான், இன்ன ஊரான் என்று மட்டும் இருக்கும். நானும் இங்கே யாருக்கும் பெயர் போடவில்லை. அது அந்தப் புத்தகத்தில் பழகியது.

படம் எடுத்துக்கொண்டே படிப்போம். அவன் ஒரு வரி, நான் ஒரு வரி. அனுமதியில்லாமல் கப்பலேறி முஸ்லிம் நாட்டுத் துறைமுகத்துக்கு வியாபாரத்துக்குப் போன கிறிஸ்தவனுக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏல, அப்போ துபாய்க்கு வந்த நம்மாளு அத்தன பேருக்கும் ஒண்ணு ஒண்ணு எழுதணும்லா!" குருமடத்தை விட்டு வந்த எங்களுக்கும் ஒரு மாதிரிக் கடிதம் அதில் கிடைத்தது. அன்றைக்குப் பகல் சாப்பாட்டை ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம். அப்படி ஒரு கூட்டாளி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கிழிக்கிற விஷயம் அந்தப் புத்தகத்தில்தான் வருகிறது. யாருக்கும் தெரியாத ரகசியப் பாவமாக இருந்தால் ரோமிலிருந்து முத்திரையிட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். பாவம் செய்தவனே அதைச் சுமந்துகொண்டு தன் ஊர்க் குருவிடம் வருவான். அவர் உடைத்துப் படித்து, அவன் சொல்வதைக் கேட்டு, தண்டனை சொல்லி, மன்னித்துவிட்டு, உடனே அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட வேண்டும். கொண்டுவந்தவன் கையில்கூடத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பிரதி எதுவும் மிஞ்சக் கூடாது. கிழிக்காத குருவைச் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். மன்னித்த பாவம் பிற்பாடு எவன் கையிலும் ஆயுதமாகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

"பாத்தியா மக்கா, வெவரமானவனுக" என்றான் அவன். "எழுத்துல இருந்தா என்னைக்கும் ஆபத்துதான்."

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று எனக்கு டூட்டி. திங்கட்கிழமை முதலாளியின் வெளிநாட்டு விருந்தாளி அந்தப் புத்தகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. முதல் பக்கங்களை மறுபடியும் எடுக்க வேண்டும். மனைவியும் மகளும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். அவனும் மத்தியானம் கிளம்பினான். "நான் போயி ஒனக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன், நீ ஆபீஸக் காப்பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனான். மணி மூன்று. சிறு பிள்ளையிலிருந்து பெரிய வெள்ளி மூன்று மணிக்கு நான் கோவிலில் இல்லாமல் இருந்ததில்லை. சோஹாரில்கூட எப்படியாவது வண்டி பிடித்துப் போய்விடுவேன்.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், முதல் எழுத்தின் வட்டத்துக்குள், ஒரு சின்னப் படம் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். சிலுவையில் தொங்கும் ஆண்டவர், காலடியில் மண்டியிட்ட ஒரு பாவி. காலிலிருந்து வடிகிற ரத்தத்தை எழுதியவன் சிவப்பில் மூன்று கோடாக இழுத்திருந்தான். புத்தகத்தை வைத்தேன், வண்ண அட்டை வைத்தேன், அளவுகோல் வைத்தேன், ஒரு படம் எடுத்தேன். பிறகு எடுக்கவில்லை. எங்கள் கடற்கரைச் சனம் பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தை, அந்தச் சிலுவைச் சிலையை, எப்படித் தொட்டு முத்தமிட்டு முத்தி செய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். யோசித்துச் செய்வதில்லை. கால் தெரிந்தால் கை போகும், கை வாய்க்கு வரும். நான் அந்தச் சின்னக் காலை விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தேன்.

நூலகத்தில் கையுறை கிடையாது. தாளை உணர வேண்டும் என்று கழுவிய வெறுங்கையால்தான் புரட்டுவோம். ஆனால் படத்தைத் தொடக் கூடாது என்பது பால பாடம். பக்கத்தின் ஓரத்தை மட்டும்தான் தொடலாம். தொட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. குனிந்து பார்த்தேன். மூன்று கோட்டில் ஒன்று இல்லை. விரலில் தேடினேன், இல்லை. மேசையில் இல்லை. கடைசியில் கழிவறைக் கண்ணாடியில் பார்த்தால் என் கீழுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிவப்பு. அறுநூறு, எழுநூறு வருடம் அங்கே இருந்த ரத்தம். ஐயோ ஆண்டவரே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அதை நகத்தால் மெல்ல எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தேன்.

அவன் கோவிலிலிருந்து திரும்பியதும் ஒன்று விடாமல் சொன்னேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். உச்சுக் கொட்டினான். இத்தாலியிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை வந்து எங்கள் ஏடுகளுக்கு வைத்தியம் பார்க்கிற அம்மா ஒருவர் உண்டு; எந்தச் சேதமானாலும் அவரிடம் சொல்ல வேண்டும். "இப்பவே அவங்களுக்கு மெயில் போட்டுருதேன்" என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அவன் என் தோளைப் பிடித்து எழுப்பினான்.

"அவசரப்படாதல. நீ மொட்டையா மெயில் போட்டா அது நேரா முதலாளிக்குப் போவும். நான் பக்குவமா சொல்லுதேன். எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு, நடந்தது நடந்தபடி. அதப் பாத்து நான் அந்தம்மாட்ட வெளக்கிச் சொல்லுதேன். சொல்லி முடிச்சதும் கிழிச்சிருதேன், நம்ம புத்தகத்துல உள்ளபடி." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும், அந்தப் பயத்திலும், சிரித்தேன்.

வளைகுடாவில் எந்த ஆபீஸிலும் இது நடக்கிறதுதான். எதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்குவார்கள். எழுதிக் கொடுக்காதே என்று கேம்பில் ஒவ்வொருவனும் அடுத்தவனுக்குச் சொல்வான். சோஹாரில் ஏழு வருடம் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஆனால் கேட்டது இன்சார்ஜ் அல்ல, என் பெஞ்சுக்காரன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். என் வழக்கமான தவறான பக்தியால், என் விரலால், என் கவனக்குறைவால் என்று என் என் என்றே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, உதட்டிலிருந்து எடுத்த சிவப்பை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஆறு நாள் கழித்து டீயோடு வந்தான். "சொல்லியாச்சு. அந்தம்மா ஒண்ணும் பெருசா எடுத்துக்கிடல. பழைய மை, எப்பவும் உதுரும்னுட்டாங்க." அப்போதுதான் அந்தக் கடிதத்தைக் கிழித்தான். "பாவ மன்னிப்புக் குடுத்தாச்சு. மூணு பரலோக மந்திரம் சொல்லு" என்றான் கேலியாக. அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப, படகில் துபாய்க் கால்வாயைக் கடக்கும்போது நான் மூன்றையும் நிஜமாகவே சொன்னேன்.

அக்டோபரில் ஒருநாள் ஹெச்.ஆர். அறைக்கு வரச் சொன்னார்கள். மகள் அப்போது பத்தாம் வகுப்பு, இன்னும் நாலு மாதத்தில் போர்டு பரீட்சை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அறைக்குள் நுழையும்போது என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான். என் வேலை போனால் என் விசா போகும். என் விசா போனால் அவளுடையதும் போகும். பரீட்சைக்குப் பேர் பதிந்த பிள்ளையை நடு வருடத்தில் ஊரில் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். மார்ச்சு வரை எது வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று மனைவி சொல்லியிருந்தாள்.

ஹெச்.ஆரில் இருந்தவர் எகிப்துக்காரர், நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். என் கடிதம். நான் கிழித்த அதே கடிதம், மடிப்புக்கூட இல்லாமல், முழுசாக. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு வலது ஓரத்தைப் பார்த்தேன். வண்ண அட்டை. சின்ன அளவுகோல். எங்கள் கறுப்பு மேசையில், எங்கள் கேமராவுக்குக் கீழே, இரண்டு விளக்கும் சரியான கோணத்தில் வைத்து, கோணாமல் நிமிர்த்தி எடுத்த படம். அடுத்த தாளில் அந்தப் பிளாஸ்டிக் உறையும் இருந்தது, அதற்கும் அளவுகோல் வைத்திருந்தான்.

"சேதம் நடக்கும், அது பெரிய விஷயம் இல்லை" என்றார் அவர் ஆங்கிலத்தில். "ஆனால் ஆறு மாதம் மறைத்துவிட்டீர்கள். இத்தாலி அம்மாவுக்குப் போன வாரம்தான் தெரியும்."

"மறைக்கவில்லை, அன்றைக்கே சொன்னேன்!"

"யாரிடம்?"

சொன்னேன். அவர் இன்னொரு தாளைப் பார்த்தார். என் இன்சார்ஜ் எழுத்தில் கொடுத்திருந்தானாம். உடனே அந்த அம்மாவுக்கு அனுப்பு என்று அன்றே எனக்கு அறிவுரை சொன்னானாம். நான் அனுப்பிவிட்டேன் என்று அவனை நம்ப வைத்தேனாம். தன் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைத்தானாம். முதலாளி மீதிப் புத்தகங்களைப் படம் எடுக்க வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுக்கப் போகிறார், லத்தீனுக்கு ஒரு ஆள் போதும், இரண்டு பேரில் யாரை வைப்பது என்று அவனிடமே கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தக் கோப்பு; போக வேண்டியவன் நான்.

எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில் கத்தினேன். அதிபர் தந்தை சொன்ன கோபம் அத்தனையும் வந்தது. பாவம், அந்த எகிப்துக்காரருக்கு ஒரு சொல் புரியாது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "கலாஸ், ஹபீபி, கலாஸ்", போதும் போதும் என்று, முதுகைத் தட்டினார். பங்குச் சாமியாரால் மன்னிக்க முடியாத பாவத்தை மேலே கொண்டுபோக வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். மன்னிக்க அதிகாரமே இல்லாதவனிடம் போய் மண்டியிட்டிருக்கிறேன். மடையன், மடையன், அடி மடையன்.

நேராகக் கேமரா அறைக்குப் போனேன். அவன் ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அளவுகோலைக் கீழே வைத்தான்.

"ஏம்ல?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தன்னு சொல்லிட்டாங்க மக்கா. எனக்கும் பிள்ளைங்க இருக்குலா. நான் என்ன செய்ய?"

"கிழிச்சியேல! என் கையிலயும் குடுத்துக் கிழிக்கச் சொன்னியே!"

"கிழிச்சேம்லா" என்றான், ஏதோ சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்ட மாதிரி.

"எப்பல படம் எடுத்த?"

அவன் மேசைமேல் கிடந்த அளவுகோலை நேராக்கினான். "நீ எழுதிக் குடுத்த அன்னைக்கே."

அன்றைக்கே என்றால் பெரிய வெள்ளியன்று. ஒருவரை அனுப்பும் பேச்சே அப்போது கிடையாது. கோவிலுக்குப் போய் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்த கையோடு எடுத்திருக்கிறான். "அன்னைக்கு எதுக்குல எடுத்த?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னு இல்ல மக்கா. பழக்கம்."

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பயந்துபோய்ச் செய்தான் என்றால், சரி, பிள்ளை குட்டிக்காரன் என்று என்றைக்காவது மனது ஆறும். எந்தக் காரணமும் இல்லாத நாளில், சிரித்துக்கொண்டே, செத்த பூச்சியை எடுத்த மாதிரி என்னைப் படம் எடுத்து வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு எத்தனை டீ, எத்தனை சாப்பாடு! ஒவ்வொரு நாளும் அந்தப் படம் அவன் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. அவன் சட்டையைப் பிடிக்கக் கை எழுந்தது. மேசையில் புத்தகம் திறந்து கிடந்ததால் விட்டுவிட்டேன்.

முதலாளியைப் பார்க்க முயன்றேன், அவர் வெளிநாட்டில் இருந்தார். இத்தாலி அம்மாவுக்கு நாலு பக்கம் மெயில் எழுதினேன். இரக்கமாகத்தான் பதில் போட்டிருந்தார்: அப்போதே என்னிடம் சொல்லியிருந்தால் அந்தத் துணுக்கைத் திரும்ப ஒட்டியிருக்கலாமே என்று. வீட்டில் மனைவி மாவை அடித்து அடித்துப் பிசைந்தாள். மகளுக்கு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று திணறி, கடைசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கண் கலங்க என்னையே பார்த்தாள்.

"அப்பா, யூ ஒன்லி கிஸ்ட் இட்!" என்றாள்.

ஆமாம். முத்திதான் செய்தேன். அதை எந்தத் தாளில் எழுதினாலும் குற்றமாகத்தான் தெரிகிறது.

மகளின் பள்ளிக்கூடத்தில் கெஞ்சிப் பார்த்தோம். தெரிந்த குடும்பத்தில் அவளை விட்டுவிட்டுப் போகலாமா என்றும் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஊர்ப் பள்ளியில் ஜூன் மாதம் வாருங்கள், மறுபடியும் பத்தாம் வகுப்பு என்றார்கள். அவள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பரீட்சைக்கு என்று தெரியாமல், வழக்கம்போலப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், கார்கோ பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவன் வீட்டுக்கு வந்தான். கையில் என் மகளுக்குப் பிடித்த ஊர் மக்ரூன் பொட்டலம். கதவைத் திறந்த மனைவி உள்ளே போய் டீ போட்டாள். வந்தவனுக்கு டீ போடாமல் அனுப்ப அவளுக்குத் தெரியாது. அவன் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இளைத்திருந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"மன்னிச்சிரு மக்கா" என்றான். "பெரிய தப்புப் பண்ணிட்டேன். அவங்கட்ட நான் சொன்னது எல்லாம் பொய்யி. எனக்கு ஒறக்கமே இல்ல."

நான் கத்துவேன் என்று மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் கத்தவில்லை. மகளின் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைப் பிரித்து, பேனாவோடு அவன் முன்னால் வைத்தேன்.

"இப்ப சொன்னத எழுதிக் குடு" என்றேன். "நடந்தது நடந்தபடி. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு."

பேனாவை எடுத்தான். தாளை நேராக்கினான், பழக்கம். மேலே ஒரு ஓரத்தில் பேனா முனையை வைத்து அப்படியே இருந்தான். மகள் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வரி. அவன் ஒரு வரி எழுதினால்கூட நான் அதை எடுத்துக்கொண்டு அந்த எகிப்துக்காரரிடம் ஓடியிருப்பேன், அல்லது ஓடாமல் அழுதிருப்பேன், எது என்று எனக்கே தெரியாது.

அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்: "எழுதிக் குடுத்தா, கிழிச்சிருவியா?"

"ஒன் கண்ணு முன்னாலயே கிழிப்பேன்" என்றேன்.

அவன் பார்வை மெதுவாக மேசைமேல் கிடந்த என் போனுக்குப் போனது. அதன் கேமரா மேலே பார்த்தபடி இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பேனாவை மூடி, தாளின்மேல் வைத்துவிட்டு, எழுந்து போனான். மனைவி போட்ட டீயை அவன் குடிக்கவில்லை.